கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டல்: பிபிபிடி மென்பொருளில் 17 ஆண்டுகள் கிடந்த பிழை

2020 பிப்ரவரித் தொடக்கத்தில் லினக்ஸில் இணைய இணைப்பை நிறுவித் தரும் பிபிபிடி மென்பொருளின் மூல நிரலில் ஒரு திருத்தம் சேர்ந்தது. மாறியவை இரண்டே நிபந்தனை வரிகள்; அவையும் ஒன்றின் நகல் மற்றொன்று. அந்த வரிகளில் இருந்த தவறோ ஏறத்தாழ 17 ஆண்டுப் பழையது. டயல்-அப் மோடம் காலத்தில் நுழைந்து, நிரலோடு நிரலாகப் பிராட்பேண்ட் ரூட்டர்களுக்குள்ளும் குடியேறியிருந்தது. ஐஓஆக்டிவ் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர் இல்யா வான் ஸ்ப்ருண்டல் அதைக் கண்டுபிடித்தார். பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2020-8597 என்று எண் பெற்ற அந்தப் பிழையின் தீவிர மதிப்பெண் 10க்கு 9.8. 2.4.2 முதல் 2.4.8 வரை எல்லாப் பதிப்புகளும் பாதிக்கப்பட்டிருந்தன.

இதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் தவறான கணக்கைப் பற்றியே எழுதினார்கள். கணக்கு தவறுதான், அதைக் கீழே வரி வரியாகப் பார்க்கலாம். ஆனால் யாரென்றே தெரியாத ஒருவர் அனுப்பிய பாக்கெட் (தரவுத் துண்டு) அந்தக் கணக்கு வரைக்கும் எப்படி வந்தது? இணைப்பு மென்பொருளைப் பராமரிப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். அதற்கான திருத்தம் தனியாக வந்தது. அதைப் பற்றிப் பேச்சு அதிகம் எழவில்லை.

மோடம் போன பின்னும் தங்கிய நிரல்

பிபிபி நெறிமுறை 1994இல் ஆர்எஃப்சி 1661 என்ற இணையத் தரநிலை ஆவணத்தில் இன்றைய வடிவத்தைப் பெற்றது. இரு முனைகளுக்கு நடுவே ஒரே தடம், அதில் இணையப் பாக்கெட்டுகள் போக வேண்டும், போகும் முன் மறுமுனையில் இருப்பவர் யார் என்று தெரிய வேண்டும். தொலைபேசி மோடத்தின் தேவை முழுவதும் இவ்வளவுதான். லினக்ஸிலும் வேறு சில யூனிக்ஸ் வகை இயங்குதளங்களிலும் இந்த வேலையைச் செய்து வந்த மென்பொருள் பிபிபிடி. நெடுங்காலமாக அதைப் பராமரித்தவர் பால் மக்கரஸ். கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் கருவியை உருவாக்கிய இருவரில் ஒருவரும் அவரே.

பிராட்பேண்ட் வந்ததும் எண்ணைச் சுழற்ற வேண்டிய தேவை ஒழிந்தது. பிபிபி ஒழியவில்லை. சேவை நிறுவனங்களின் பயனர் பெயர், கடவுச்சொல், பயன்பாட்டுக் கணக்கு, முகவரி வழங்கல் என்று எல்லாமே அதைச் சுற்றி அமைந்திருந்தன. அந்த ஏற்பாட்டைக் கலைக்காமல் அப்படியே ஈதர்நெட்டின் மேல் ஏற்றிவைக்க 1999 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 2516 வழி காட்டியது, அதுவே பிபிபிஓஇ. அதன் தலைப்பகுதிக்கு 6 பைட், பிபிபி நெறிமுறை எண்ணுக்கு 2 பைட். ரூட்டர் அமைப்புப் பக்கங்களில் 1500க்குப் பதிலாக 1492 என்ற விசித்திர எண் இன்றும் தென்படுவது அந்த 8 பைட்டுகளால்தான். செல்பேசித் தரவு மோடம்கள் *99# என்ற எண்ணை அழைப்பதுபோல் பாவனை செய்து இணைவதும் பிபிபி வழியாகத்தான். பிபிடிபி, எல்2டிபி வகை விபிஎன் இணைப்புகளும் லினக்ஸில் பெரும்பாலும் பிபிபிடியைத்தான் எழுப்புகின்றன. ஆக, டயல்-அப் காலத்து மென்பொருள் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

லினக்ஸில் இந்த வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் தரவை இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் பார்த்துக்கொள்ளும். இணைப்பை நிறுவுவது, அடையாளத்தைச் சரிபார்ப்பது, முகவரியைப் பேசி முடிப்பது ஆகியவை பிபிபிடியின் பொறுப்பு. பிணைய இடைமுகத்தை எழுப்பவும் வழித்தடங்களை மாற்றவும் வேண்டியிருப்பதால் அது கணினியில் எதையும் மாற்றக்கூடிய ரூட் உரிமையோடு இயங்குகிறது. அதனுள் நினைவகம் பிசகினால் பிசகுவதும் ரூட் உரிமையோடுதான்.

கடவுச்சொல்லுக்கு முன்

பிபிபி இணைப்பு கட்டம் கட்டமாக எழுகிறது. முதலில் எல்சிபி: பாக்கெட்டின் அளவு என்ன, அடையாளத்தை எந்த முறையில் சரிபார்ப்பது என்று இரு முனைகளும் ஒத்துக்கொள்ளும். அடுத்து அடையாளச் சரிபார்ப்பு. அது முடிந்த பிறகே ஐபி முகவரி பற்றிய பேச்சு.

அடையாளத்துக்கு மூன்று முறைகள் உண்டு. பாப் முறையில் கடவுச்சொல் அப்படியே தடத்தில் போகும். சாப் முறையில் மறுமுனை ஒரு சவால் எண்ணை அனுப்பும். அதையும் கடவுச்சொல்லையும் கலந்து கணித்த விடை மட்டும் திரும்பும். ஈஏபி என்பது 1998இல் ஆர்எஃப்சி 2284 வழியாக வந்த பொது உறை; பல்வேறு சரிபார்ப்பு வழிகளை அதற்குள் வைத்து அனுப்பலாம். அவற்றில் ஒன்றான எம்டி5 சவால், நடைமுறையில் சாப் போன்றதே. சவாலின் மதிப்பு முதலில் வரும், அதை அனுப்புபவரின் பெயர் கடைசியில் வரும். பிழை இருந்தது இந்தப் பெயரைப் படித்து வைக்கும் இடத்தில்.

முதல் கட்டமான எல்சிபிக்குக் கடவுச்சொல் எதுவும் தேவையில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். தடத்தின் மறுமுனையில் யார் இருந்தாலும் அதை முடித்துவிடலாம்.

அந்த வரி

எம்டி5 சவாலைக் கையாளும் நிரல், வந்த பாக்கெட்டிலிருந்து ஒரு பைட்டைப் படித்து, சவால் மதிப்பின் நீளம் எவ்வளவு என்று தெரிந்துகொள்கிறது. அதை மதிப்பு நீளம் என்போம். பாக்கெட்டில் இன்னும் படிக்காமல் இருப்பது மீதி நீளம். மதிப்பு நீளம் மீதி நீளத்தைவிடப் பெரிதாக இருந்தால் பாக்கெட் பொய் சொல்கிறது என்று பொருள். நிரல் அதை ஏற்காது. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து, மதிப்பைத் தாண்டி எஞ்சியிருக்கும் பைட்டுகள் பெயராகக் கொள்ளப்பட்டு 256 பைட் இடையகம் (தற்காலிகத் தேக்கிடம்) ஒன்றில் நகலாகின்றன. பெயர் அந்த இடத்தைவிட நீளமாக இருந்தால் வெட்டிவிட வேண்டும். பெயரின் நீளம் மீதி நீளத்திலிருந்து மதிப்பு நீளத்தைக் கழித்தால் கிடைக்கும். எனவே கேட்டிருக்க வேண்டிய நிபந்தனை இது:

மீதி நீளம் − மதிப்பு நீளம் ≥ 256

எழுதப்பட்டிருந்ததோ இது:

மதிப்பு நீளம் ≥ மீதி நீளம் + 256

உறுப்புகளை ஒப்பீட்டுக் குறியின் இருபுறமும் நகர்த்தும்போது பக்கம் மாறிவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதே மூன்று உறுப்புகள், அதே ஒப்பீட்டுக் குறி. ஓர் உதாரணத்தைப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு புரியும். 1400 பைட் நீளமுள்ள ஈஏபி செய்தி ஒன்று வருகிறது. பிபிபிஓஇயின் 1492 என்ற வரம்புக்குள் அது தாராளமாக அடங்கும். தலைப்பகுதி 4, வகை எண் 1, நீள பைட் 1 ஆகியவை போக மீதி நீளம் 1394. மதிப்பு நீளம் 16 என்று வைத்துக்கொள்வோம். பெயருக்கு 1378 பைட் எஞ்சுகிறது. சரியான நிபந்தனை, 1378 என்பது 256ஐத் தொட்டுவிட்டதா என்று கேட்டு, ஆம் என்று பெயரை வெட்டியிருக்கும். இருந்த நிபந்தனை, 16 என்பது 1650ஐத் தொட்டுவிட்டதா என்று கேட்டது. இல்லை என்று விடை பெற்றது. 1378 பைட்டையும் 256 பைட் இடத்தில் கொட்டியது. நிரம்பி வழிந்த ஆயிரத்துச் சொச்சம் பைட்டுகள் அடுக்கு நினைவகத்தில் அடுத்து இருந்தவற்றின் மேல் எழுதப்பட்டன. செயற்கூறு (நிரலில் ஒரு வேலையைச் செய்யும் தனிப் பகுதி) முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியும் அந்தப் பகுதியில்தான் இருக்கும்.

இந்த நிபந்தனை ஒருபோதும் நிறைவேற முடியாதது. அதற்கு ஒன்றுக்கொன்று சார்பில்லாத இரண்டு காரணங்கள் உண்டு. மதிப்பு நீளம் மீதி நீளத்தைத் தாண்டக் கூடாது என்று சில வரிகளுக்கு முன்பே உறுதிசெய்தாகிவிட்டது. தாண்டவே முடியாதது 256ஐக் கூட்டிய பின் எப்படி எட்டும்? அடுத்தது இன்னும் எளிது: மதிப்பு நீளம் ஒற்றை பைட், அதன் உச்சம் 255. மறுபுறம் 256க்குக் கீழே இறங்காது. பெயரை வெட்டும் வரிகள் எழுதப்பட்ட நாள் முதல் ஒருமுறைகூட ஓடியிருக்க வழியில்லை. அந்த நிபந்தனைக்கு மேலே, இப்படி நடக்க வாய்ப்பு குறைவு என்ற பொருளில் ஒரு குறிப்பும் மூல நிரலில் இருந்தது. குறிப்பு எழுதியவர் நினைத்ததைவிட அது அதிகம் உண்மை.

சவாலைப் பெறும் செயற்கூறிலும், பதிலைப் பெறும் செயற்கூறிலும் இதே நிபந்தனை இருந்தது. எனவே இணைய வரும் பயனரின் பக்கம், இணைப்பைத் தரும் சேவையகத்தின் பக்கம் என்று இரண்டுமே ஆபத்தில் இருந்தன.

வாசலில் நடந்தது

ஈஏபி முறையைப் பிபிபி இணைப்புகளில் பயன்படுத்தியவர்கள் குறைவு. பாப், சாப் இரண்டுமே பெருவழக்கு. ஈஏபி தேவையில்லை என்று விட்டுவைத்திருந்த கணினிக்கு இதனால் என்ன ஆபத்து என்று கேட்கத் தோன்றும். முழு ஆபத்தும் இருந்தது. அமெரிக்காவின் செர்ட் ஒருங்கிணைப்பு மையம் 2020 மார்ச் 4 அன்று வெளியிட்ட அறிவிப்பும் இதைத் தெளிவாகச் சொன்னது: ஈஏபி பேசி முடிவாகாவிட்டாலும் ஈஏபி பாக்கெட்டை அனுப்பலாம், நிரல் அதைப் பிரித்துப் படிக்கும்.

பிபிபிடியில் பாக்கெட்டுகள் நுழையும் இடத்தில் இரண்டு சோதனைகள் உண்டு. எல்சிபி முடியாத நிலையில் எல்சிபி தவிர வேறெதையும் ஏற்காதே என்பது முதலாவது. அடையாளச் சரிபார்ப்பு முடியும் வரை எல்சிபி, இணைப்புத் தர அறிக்கை, பாப், சாப், ஈஏபி ஆகியவற்றைத் தவிர மற்றவற்றைத் தூக்கி எறி என்பது இரண்டாவது. அதைத் தாண்டிய பாக்கெட் நெறிமுறைப் பட்டியலில் தன் எண்ணுக்கு உரிய செயற்கூறுக்குப் போய்விடும்.

அந்த இரண்டாவது சோதனை ஆர்எஃப்சி 1661 சொல்வதை அச்சாகப் பின்பற்றுகிறது. அடையாளக் கட்டத்தில் எல்சிபி, அடையாள நெறிமுறை, இணைப்புத் தரக் கண்காணிப்பு ஆகிய பாக்கெட்டுகளை மட்டும் ஏற்கலாம், மற்றவை ஓசையின்றிக் கைவிடப்பட வேண்டும் என்கிறது ஆவணம். அதில் வரும் "அடையாள நெறிமுறை" என்பது இந்த இணைப்பில் பேசி முடிவான ஒன்றா, உலகில் உள்ள எல்லாமா? பாப், சாப், ஈஏபி மூன்றையும் வரிசையாக எழுதியபோது நிரல் இரண்டாவது பொருளைத் தேர்ந்துவிட்டது. தரநிலையை மீறினார்கள் என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது. தரநிலையின் வாக்கியத்தைப் படித்தபடி எழுதினார்கள். இணைப்பின் நிலை என்ன, எந்த முறைக்கு ஒத்துக்கொண்டோம் என்ற தகவல் அதே நிரலில், சற்று தள்ளி, கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை.

இதன் விளைவு பிபிபிஓஇயில் இன்னும் மோசம். பிபிபிஓஇ இணைப்பு ஒரு தேடலோடு தொடங்குகிறது. வீட்டு ரூட்டர் "சேவையகம் யாராவது இருக்கிறீர்களா" என்று பிணையம் முழுவதற்கும் கேட்கும்; பதில் தருபவரோடு இணையும். பதில் தருபவர் உண்மையில் சேவை நிறுவனத்தின் கருவிதானா என்று உறுதிசெய்ய ஆர்எஃப்சி 2516இல் வழி இல்லை. அதே ஈதர்நெட் பகுதியில் நுழைந்துவிட்ட எவரும் முந்திக்கொண்டு பதில் தரலாம், எல்சிபியை முடிக்கலாம், பிறகு அந்த நீளமான பெயரை அனுப்பலாம். கடவுச்சொல் எதையும் அறிந்திருக்கத் தேவையில்லை.

இவ்வளவு காலம் தெரியாமல் போனது ஏன் என்பதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஒழுங்காக நடந்துகொள்ளும் சேவையகத்தின் பெயர் ஒருபோதும் 256 எழுத்துகளை எட்டாது. தவறான நிபந்தனை "இல்லை" என்று சொல்லும்போது அது அந்தப் பாக்கெட்டுக்குச் சரியான விடையாகவே இருந்தது. நீள வரம்பைச் சரிபார்க்கும் வரி கண்ணுக்கு முன் நிற்பதால், நிரலை வாசித்தவர்களும் இந்த இடத்தைக் கவனித்துவிட்டார்கள் என்று எண்ணிக் கடந்து போயிருப்பார்கள். சோதனையே இல்லாத நிரலைவிடத் தவறான சோதனை உள்ள நிரல் நீண்ட காலம் பிழைத்திருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் அதே மென்பொருளின் சாப் பகுதியைப் பார்க்கலாம். அங்கேயும் மறுமுனையின் பெயரை நகலெடுக்கும் இதே வேலை உண்டு. ஆனால் அங்கே நிரலர் தானே கணக்குப் போடவில்லை. இடையகத்தின் அளவைக் கேட்டு வாங்கி அதற்குள் நிற்கும் பொதுச் செயற்கூறு ஒன்றை அழைத்திருக்கிறார். பக்கத்துக் கோப்பில் இருந்த நல்ல வழக்கம் இந்தக் கோப்புக்கு வந்து சேரவில்லை.

இரண்டு திருத்தங்கள்

முதல் திருத்தம் நிபந்தனையைச் சரியாக்கியது: கூட்டல் போய்க் கழித்தல் வந்தது. கழித்தால் எதிர்ம எண் வருமோ, அதைக் குறியற்ற எண்ணோடு ஒப்பிட்டால் வேறு வம்பு வருமோ என்று சி மொழி தெரிந்தவர்கள் கவலைப்படலாம். முன்னால் நிற்கும் சோதனை மதிப்பு நீளத்தை மீதி நீளத்துக்குள் அடக்கிவிடுவதால் அந்தக் கவலை இங்கே இல்லை.

இரண்டாவது திருத்தம் அதே செயற்கூறுகளின் தொடக்கத்தில் ஒரு நிலைச் சோதனையை வைத்தது. இந்த இணைப்பில் ஈஏபி தொடங்கப்படவே இல்லை என்றால், வந்த செய்தியைப் பிரிக்காமலே திரும்பிவிடு. சில வரிகள்தாம். ஆனால் முதல் திருத்தம் தெரிந்த ஒரு பிழையை மட்டும் மூடுகிறது; ஈஏபி கோப்பில் இன்னும் எவருக்கும் தெரியாத வேறு பிழைகள் இருந்தாலும் இந்தச் சோதனை அவற்றையும் சேர்த்து, ஈஏபி பயன்படுத்தாத பெரும்பான்மைப் பயனர்களிடமிருந்து விலக்கி வைக்கிறது. 2.4.2 பதிப்பில் இது மட்டும் இருந்திருந்தால், கணக்குத் தவறு அப்படியே இருந்தும்கூட, சாதாரண பிராட்பேண்ட் பயனரை அது தொட்டிருக்காது. ஒரு திருத்தம் மட்டுமே செய்ய நேரம் இருக்கிறது என்று யாராவது என்னிடம் சொன்னால், தயங்காமல் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

திருத்தம் பயனரிடம் போன வழி

இங்கேதான் பராமரிப்பின் கடினமான பகுதி தொடங்குகிறது. பிபிபிடி அடிக்கடி வெளியாகும் மென்பொருள் அன்று. 2.4.7 பதிப்பு 2014இல் வந்தது, 2.4.8 வர 5 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. திருத்தம் மூல நிரலில் சேர்ந்தது 2020 பிப்ரவரியில். அதைத் தாங்கிய அடுத்த அதிகாரப்பூர்வப் பதிப்பான 2.4.9 வெளியானது 2021 ஜனவரியில். ஏறத்தாழ ஓராண்டுக் காலம், திருத்தம் வேண்டியவர்கள் பதிப்புக்காகக் காத்திருக்க முடியாமல் மூல நிரலிலிருந்து அந்த வரிகளைத் தாங்களே எடுத்துத் தங்கள் பழைய பதிப்புகளில் ஒட்ட வேண்டியிருந்தது. டெபியன், உபுண்டு, ரெட் ஹாட் போன்ற பெரிய லினக்ஸ் வழங்கல்கள் சில வாரங்களில் அதைச் செய்தன. அவற்றுக்கு அதற்கான ஆட்களும் பழக்கமும் இருந்தன.

நகல்கள் தனிக் கதை. சிறு கருவிகளுக்கான எல்டபிள்யூஐபி என்ற பிணைய நிரலகம் தன் பிபிபி பகுதியைப் பிபிபிடியிலிருந்தே எடுத்திருந்தது. ஈஏபி கோப்பும் பிழையோடு சேர்ந்து அங்கே போயிருந்தது. அதில் ஈஏபி இயல்பாக முடக்கப்பட்டிருந்ததால், வேண்டுமென்றே அதை இயக்கித் தொகுத்தவர்கள் மட்டுமே சிக்கினார்கள். நிரலை நகலெடுத்துச் சொந்தமாக்கிக்கொள்பவர் அதன் எதிர்காலப் பிழைத்திருத்தங்களையும் தேடிப் போய் வாங்க வேண்டும். அதை நினைவூட்ட எந்தக் கருவியும் தானாக மணி அடிப்பதில்லை.

ரூட்டர்களுக்கான ஓபன்டபிள்யூஆர்டி இயங்குதளத்தில் நடந்தது கவனிக்கத்தக்கது. அங்கே மென்பொருள்கள் எல்லாம், நினைவக நகல் செயற்கூறுகளின் அளவை ஓட்டத்தின்போது சோதிக்கும் தொகுப்பி வசதியோடு தொகுக்கப்படுகின்றன. அதனால் 1378 பைட்டை 256 பைட் இடத்தில் கொட்ட முயன்றதும் அந்தச் சோதனை பிபிபிடியை நிறுத்திவிடும். ரூட்டர் கைமாறும் ஆபத்து, இணைப்பு அறுந்துபோகும் தொல்லையாகச் சுருங்கியது. இந்தப் பிழையை அறியாதவர்கள், இதை நினைத்துப் பார்க்காமல், எப்போதோ பொதுவாக எடுத்த ஒரு முடிவின் பலன் அது. இத்தகைய வசதிகளால் நிரல் சற்று மெதுவாகும், அளவு கூடும் என்று சிறு கருவிகளில் அவற்றை அணைத்துவைப்பவர்கள் உண்டு. கடவுச்சொல் கேட்கும் முன்பே வெளியாரின் பைட்டுகளைப் படிக்கும் மென்பொருளில் அந்தச் சிக்கனம் எனக்குப் புரிவதில்லை.

எதைச் சோதித்திருக்கலாம்

எந்த வரிகள் ஓடின, எவை ஓடவில்லை என்று அளக்கும் சோதனை ஒன்று இருந்திருந்தால், பெயரை வெட்டும் வரிகள் எப்போதும் ஓடாதவையாகவே தெரிந்திருக்கும். யாராவது அவற்றை ஓட வைக்க முயன்றிருந்தால், எந்தப் பாக்கெட்டாலும் முடியாது என்று சிறிது நேரத்தில் கண்டிருப்பார்கள். தாறுமாறான தரவைக் கொட்டிச் சோதிக்கும் முறையும் இதைச் சீக்கிரமே பிடித்திருக்கும். ஆனால் பிபிபிடி தொடர்முனையத்தோடும் கெர்னலோடும் பின்னிக் கிடப்பதால் ஈஏபி பகுதியை மட்டும் தனியே கழற்றி எடுத்து ஓட்டுவதற்குக் கொஞ்சம் உழைப்பு தேவை. அந்த உழைப்பு வீண் போகாது.

அதைவிட மலிவான சோதனை ஒன்று உண்டு. இணைப்பின் ஒவ்வொரு நிலையையும் ஒரு பக்கமும், வரக்கூடிய ஒவ்வொரு நெறிமுறையையும் மறுபக்கமும் எழுதி அட்டவணை போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் நிரல் என்ன செய்ய வேண்டும் என்று நிரப்ப வேண்டும். எல்சிபி முடிந்து, சாப் பேசி முடிவாகி, ஈஏபி பாக்கெட் வருகிறது என்ற கட்டத்துக்கு வந்ததும் "கைவிடு" என்று எழுதாதவர் இருக்க மாட்டார். பிறகு அந்தப் பாக்கெட்டை உண்மையில் அனுப்பிப் பார்க்க வேண்டும். நினைவகத்தைப் பற்றியோ இடையகத்தைப் பற்றியோ எதுவும் தெரியாமலே இந்தத் தவறைப் பிடிக்கும் வழி இது.

இன்று ஒரு கருவி பாதுகாப்பானதா என்று பார்ப்பவர்கள் பதிப்பு எண்ணை மட்டும் நம்பினால் இரு பக்கமும் ஏமாறலாம். டெபியன் 10இல் திருத்தப்பட்ட தொகுப்பும் 2.4.7 என்றே தொடங்கும். திருத்தம் ஒட்டப்பட்டதற்கான அடையாளம் எண்ணின் வாலில் மட்டுமே இருக்கும். கையில் உள்ள ரூட்டருக்குள் பதிந்திருக்கும் மென்பொருளான நிலைபொருளிலோ அந்த வாலும் இருக்காது. உற்பத்தியாளரின் வெளியீட்டுக் குறிப்பில் சிவிஇ-2020-8597 என்ற எண்ணைத் தேட வேண்டும். குறிப்பு இல்லை, நிலைபொருளின் தேதியும் 2020 பிப்ரவரிக்கு முந்தையது, கருவி பிபிபிஓஇ வழியாக இணைகிறது என்றால், புது நிலைபொருள் இருந்தால் உடனே ஏற்றலாம்; இல்லையென்றால் கருவியை மாற்றுவதே வழி.